வக்கீல் அம்மாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் தபால்காரர் உச்சப்பட்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குள் வந்து, என் பெயரை விசாரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். இதற்காகப் போட்ட வழக்கு எப்படித் தொடங்கியது, நடுவில் என்னவெல்லாம் பட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. மனசு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி வக்கீல் அம்மாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழக்கில் ஜெயித்துக் கொடுத்ததற்காக எல்லோரும் அவரைப் பாராட்டுகிறீர்கள். நான் சொல்ல வந்தது அவரை முதன்முதலாகப் பார்க்கப் போன நாளில் நடந்தது.

முகாமில் வளர்ந்தவர்களுக்கு ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுப்பது எவ்வளவு பெரிய பயம் என்று தெரியும். முன்பு ஓர் அலுவலகத்தில் அப்பாவின் அட்டையை “வச்சிட்டுப் போங்க” என்று வாங்கினார்கள். அப்பா சாகும்வரை அது திரும்பி வரவில்லை. 1986-இல் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் நான் பிறந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி என் பிறப்புச் சான்றிதழ். மடிப்பெல்லாம் இற்றுப்போய், தொட்டால் பிய்ந்துவிடும்போல் இருக்கும். அதை வக்கீல் அம்மாவின் மேசையில் வைத்தபோது, சரி, இதுவும் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் அதை ஃபைலில் வைக்கவில்லை. ஒரு தடவை படித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திடலாம்” என்று கிளம்பிவிட்டார். குமாஸ்தா இருந்தார், ஜூனியர் இருந்தார், யாரையாவது அனுப்பியிருக்கலாம். உச்சிவெயிலில் என்னோடு ஒத்தக்கடை வரை நடந்து வந்தார். கடைப் பையன் காகிதத்தை வாங்கக் கை நீட்டியபோது கொடுக்காமல், தானே இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணாடி மேல் விரித்து வைத்தார். நகல் எடுத்து முடிந்ததும் ஒரிஜினலைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, “இதை யாருகிட்டயும் கொடுக்காதீங்கம்மா. கோர்ட் கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய்க் காட்டுவோம். இது உங்ககிட்டதான் இருக்கணும்” என்றார். ஜெராக்ஸ் காசையும் அவரே கொடுத்தார்.

நான் ஒத்தக்கடை ரோட்டில் நின்றுகொண்டே அழுதேன். அவர் எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றார். பிறந்ததிலிருந்து எங்கள் காகிதங்களைக் கேட்டு வாங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள் என்று ஒருவர் சொன்னது அன்றுதான். பாஸ்போர்ட் வந்த அன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஜெராக்ஸ் கடைதான்.

2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்த காலத்திலிருந்தே அவர் அங்கே வழக்காடுகிறார். அதற்கு முன்பு ரிட் மனு, அதாவது அரசு அதிகாரிகளுக்கு உத்தரவு போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கும் மனு என்றால் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். நிலத் தகராறு, ஜீவனாம்சம் என்று மற்ற வழக்குகளில் வரும் பீஸில்தான் எங்கள் வழக்குகளை நடத்துகிறார். 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன்தான். இது எனக்கு இத்தனை வயதில் அவர் சொல்லித்தான் தெரியும். என்னைப் போலவே மண்டபத்தில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண்ணுக்கு இதே மதுரைக் கிளை 2022-இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தீர்ப்பை வக்கீல் அம்மா எனக்குத் தமிழில் வரிவரியாகச் சொல்லிப் புரியவைத்தார்.

அப்புறம் குமாஸ்தா அண்ணன், கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த திருமங்கலம் தையல்கடை முதலாளி, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமி, முகாம் தலைவர், ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற வாத்தியார், விசாரணைக்கு வந்து மரியாதையாகப் பேசிய போலீஸ்காரர், எல்லோருக்கும் என் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் சந்தோஷம் முழுசாக இல்லை. தம்பி 1991-இல் இதே மண்ணில்தான் பிறந்தான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும் என்பதால் அவனுக்கு இந்த வழி இல்லை. மகள் 2008-இல் பிறந்தாள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அம்மா இந்தியர் என்பது மட்டும் போதாது. அப்பா சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் குழந்தையாக இருந்தபோது உயிருக்குப் பயந்து இலங்கையிலிருந்து படகில் தூக்கிவரப்பட்டவர், சட்டம் அவரையும் அப்படி வந்தவராகத்தான் பார்க்கிறது. ஒரே வீட்டுக்குள் சட்டம் இப்படிக் கோடு கிழிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு பேருக்கும் என்ன செய்யலாம் என்று வக்கீல் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கிடைத்துவிட்டது என்று நான் ஒதுங்கிவிட மாட்டேன். விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் அம்மா முகாம்களுக்குப் போகும்போது இனி நானும் கூடப் போவேன். ஆனையூர் முகாமிலோ திருவாதவூர் முகாமிலோ 1987 ஜூலைக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்கள் இருந்தால் தகவல் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றாலும் பரவாயில்லை, எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்று சொன்னால் போதும். அதைத் தேடி எடுக்க நானும் கூட வருகிறேன்.