ஆடிக் காற்றில் ஆறிப்போகும் தார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை விட்டதும் குழி விழுந்த ரோடுகளின் படத்தைப் போட்டு, கீழே 'தரமற்ற சாலை' என்று எழுதுகிறீர்கள். தரம் எந்த இடத்தில் போனது என்பது அதில் வருவதில்லை. காங்கேயம் பக்கம், தாரையும் ஜல்லியையும் சூடாகக் கலக்கும் ஒரு ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் 18 வருஷம் வேலை பார்த்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

பல ரோடுகள் போட்ட அன்றைக்கே கெட்டுவிடுகின்றன. காரணம் சூடு. வழக்கமாகப் போடும் விஜி 30 என்ற வகைத் தாரை ஜல்லியோடு 150 முதல் 165 டிகிரியில் கலக்க வேண்டும். விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது. 90க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் எத்தனை முறை உருட்டினாலும் ஜல்லி நெருங்கி உட்காராது.

நம் பக்கத்தில் இது இன்னும் சிரமம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், தாராபுரம், உடுமலை வரை அடித்து வீசுகிற ஆடி மாதத்தில், மூன்று நாலு சென்டிமீட்டர் கனத்தில் விரித்த கலவை கண்ணெதிரே ஆறிப்போகும். மேலே பார்த்தால் கருகருவென்று அழகாகத்தான் இருக்கும். உள்ளே பொந்து பொந்தாகக் காற்று நிற்கும். அந்தக் காற்றிடைவெளி 7 சதவீதத்தைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ரோட்டின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பொறியாளர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு. மழைத் தண்ணீர் அந்தப் பொந்தில் இறங்கிவிடும். லாரி டயர் ஏறி அமுக்கும்போது அதே தண்ணீர் பீச்சியடித்து ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடும்.

ஓர் ஆடியில் தார்ப்பாய் மூடாமல் வந்த டிப்பர் வழியில் பஞ்சராகி நின்று, ரோடு போடும் இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 110. "திருப்பி அனுப்பிடலாங்களா?" என்று கேட்டேன். "பொழுது சாயறதுக்குள்ள முடிக்கோணும், கொட்டுங்கண்ணா" என்றார்கள் அங்கே இருந்தவர்கள். கொட்டினோம். ஐப்பசி மழையில் அந்த ஒரு லோடு விரித்த இடம் மட்டும் பெயர்ந்துவிட்டது. இன்னும் வலுவாக மறுத்திருக்க வேண்டும் என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

லாரிகளின் பாரமும் கூடியிருக்கிறது. நாலு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 2018இல் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ரோட்டுக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் (பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு) ஏறும் என்பதால், முழுப் பாரம் ஏற்றினால் பழைய சேதத்தைவிட அறுபது சதவீதம் கூடுதல்.

பிளாஸ்டிக் கலந்து போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த அந்த முறை நல்ல முறைதான். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கலவையையும் ஆறவிட்டு உருட்டினால் அது நிலைக்காது.

போட்ட ரோட்டில் கோர், அதாவது உருளை வடிவத் துண்டு, வெட்டி எடுத்து, கனமும் அடர்த்தியும் பார்க்கிற சோதனை இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. நன்றாக உருண்ட நடுப்பகுதியில் வெட்டினால் எல்லாமே பாஸ்தான். ஓரத்திலும், நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் சேருகிற ஜாயின்ட்டிலும் வெட்ட வேண்டும். அந்த இடத்தை ஒப்பந்ததாரர் தேர்ந்தெடுக்கக் கூடாது. மதிப்பீட்டுத் தொகை எழுதி வைக்கிற போர்டிலேயே கோர் முடிவையும், ரோடு போட்ட தேதியையும், விரித்தபோது இருந்த சூட்டையும் எழுதி வைக்கட்டும்.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில், ஆவணம் மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் இடமிருக்கிறது. அடுத்த முறை குழியின் படம் போடும்போது, அந்த ரோட்டின் கோர் முடிவையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளகோவில்.