அண்ணே, ஒரு மாலைப்பொழுதை ஜோர்ஜ்டவுனுக்குக் கொடுங்கள்

அன்புள்ள அண்ணே,

உலகெங்கும் ஜனநாயகம் எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருவரை அழைத்துப் பேச வைக்கப் போகிறீர்கள், அதுவும் தமிழில், அதுவும் பினாங்கில் என்று கேள்விப்பட்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பட்டிமன்றத்துக்கு நிறைகிற மண்டபம் இதற்கும் நிறைய வேண்டும். ஆனால் தலைப்புகளைப் பார்த்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியா இருக்கிறது, இலங்கை இருக்கிறது, மியன்மார், தென்கொரியா, செனகல் எல்லாம் இருக்கின்றன. நம் மலேசியா இல்லை, நாம் இழந்த உள்ளாட்சித் தேர்தலும் இல்லை.

தென்கொரியா நல்ல தேர்வு. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். மதில் ஏறிக் குதித்தாவது நாடாளுமன்றத்துக்குள் போய்ச் சேர்ந்த 190 உறுப்பினர்கள் சில மணி நேரத்திலேயே ஒருமனதாக அதற்கு எதிராக வாக்களித்துவிட்டார்கள். செனகலில் அதே ஆண்டு அதிபர் தேர்தலைத் தள்ளிப் போட்டார்கள், அரசியலமைப்பு மன்றம் அது செல்லாது என்றது, மார்ச்சில் தேர்தல் நடந்து எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயித்தார். இரண்டு இடத்திலும் பறித்ததைச் சூட்டோடு சூடாகத் திரும்ப வாங்கினார்கள். வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம்தான் உதாரணம்.

பினாங்கின் தலைநகரான நம் ஜோர்ஜ்டவுனில் 1857-லேயே நகராண்மைத் தேர்தல் நடந்திருக்கிறது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1951 டிசம்பரில், மறுபடியும் ஓட்டுப் போட்டோம். 1957-ல் ஜோர்ஜ்டவுன் மாநகரானது. அதன் ஆரம்ப கால மேயர்களில் ஒருவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ்.ராமநாதன். பழைய ஸ்காட் ரோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். தினமும் அந்த வழியாகப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நடக்கிறது என்று சொல்லி, நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் வரவில்லை. இதை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் (நேதாஜியின் ஜான்சி ராணி படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர்தான்). தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. கேட்கவில்லை. 1976 சட்டம் உள்ளாட்சித் தேர்தலுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-ல் தனிச் சட்டம் போட்டுப் பார்த்தது, 2014-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இன்றுவரை மாநகர் கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரியை நாம் கட்டுகிறோம். சாக்கடை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், அங்காடிக் கடை லைசென்ஸ் கிடைக்காவிட்டால், போய் முறையிடலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

இதில் ஒரு பயம் இருப்பதும் எனக்குத் தெரியும். கோலாலம்பூர் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், நகரங்கள் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. அதை மேடையில் வெளிப்படையாகப் பேச வேண்டும் அண்ணே, மூடி மறைத்தால் அந்தப் பயம்தான் வளரும். 1951-ல் இருந்த நகரங்கள் இல்லை இவை. யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதே மாறிவிட்டது. சிறுபான்மையிலும் சிறுபான்மையான நமக்கு நியமனம் நல்லதா தேர்தல் நல்லதா என்பதும் சுலபமான கேள்வி இல்லை. நான் தேர்தல் பக்கம். நியமனத்தில் கிடைக்கிற இடம் கொடுத்தவருக்குக் கடன்பட்ட இடம், ஓட்டு வாங்கி வந்தவருக்கு அந்தக் கடன் தெருக்காரர்களிடம்தான் இருக்கும்.

2021 டிசம்பரிலிருந்து 18 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது, பெயரும் தானாகவே பதிவாகிவிடுகிறது. இளைஞர்கள் போராடி வாங்கியது அது. அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கடைசி மாதத்துக்குப் பேச்சாளர் இன்னும் முடிவாகவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மாலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள். உள்ளாட்சிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரும், அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்ட பெரியவர் ஒருவரும் இருந்தால் போதும். தேடும் வேலையில் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி