உறைபனிப் பகுதிகளில் பேவர் கல் முற்றம்: கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் மிகுந்த பகுதிகளில் வீட்டின் பின்புறம் பேவர் கல் பதித்து முற்றம் அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வீட்டு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கல்லின் நிறம், வடிவம், அடுக்கும் பாங்கு ஆகியவற்றைப் பற்றிப் பயனுள்ள செய்திகள் பல அதில் இருந்தன. ஆனால், இத்தகைய முற்றங்கள் இரண்டு மூன்று குளிர்காலங்களுக்குள் மேடுபள்ளமாகிவிடுவதற்குக் கட்டுரை சொல்லும் காரணம் பாதிதான் சரி. அந்தப் பாதியை நம்பி வேலையை ஒப்படைப்பவர்கள், செலவு செய்ய வேண்டிய இடத்தில் சிக்கனம் பிடித்து, தேவையில்லாத இடத்தில் தாராளம் காட்ட நேரிடும் என்பதால், கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது என்றும், அந்த விரிவே கற்களைத் தூக்கிவிடுகிறது என்றும் கட்டுரை கூறுகிறது. விரிவு உண்மைதான். ஆயினும், 1 மீட்டர் ஆழத்துக்கு உறையும் மண்ணில் பத்தில் மூன்று பங்கு நீர் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த விரிவினால் மட்டும் தரை 3 சென்டிமீட்டர்கூட உயராது. மோசமான மண்ணில் இதைப்போல் பல மடங்கு உயர்வு ஏற்படுவதுண்டு. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1929, 1930 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், உறையும்போது விரிவதற்குப் பதிலாகச் சுருங்கும் பென்சீனை மண்ணில் செலுத்தி உறையவைத்தபோதும் மண் மேலெழும்புவதை எடுத்துக்காட்டினார். ஆகவே, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நீர் விரிவது முதற்காரணம் அன்று. குளிர் இறங்கிவந்து நிற்கும் மட்டத்தை நோக்கி, கீழே உள்ள ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவந்து, அங்கே படலம் படலமாகப் பனிக்கட்டியாய்ச் சேர்ந்துகொண்டே போவதுதான் தரையைத் தூக்குகிறது. இளவேனிலில் அந்தப் பனிக்கட்டி மேலிருந்து உருகத் தொடங்கும்போது, கீழே இன்னும் உறைந்திருக்கும் மண் நீரை வடியவிடாது. அந்தச் சில வாரங்களில் மண் சேறாகித் தாங்கும் வலிமையை இழப்பதால், குளிர்காலத்தில் உயர்ந்த கற்கள் பழைய மட்டத்துக்குத் திரும்பாமல் ஒரு பக்கம் அமிழ்ந்தும் ஒரு பக்கம் எழும்பியும் நிற்கின்றன.

உறைகுளிர், ஈரம், ஈரத்தை மேலே இழுக்கும் மண் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் இது நிகழும். குளிரைத் தடுப்பது எவராலும் இயலாது. மற்ற இரண்டும் வேலை செய்பவரின் கையில் இருக்கின்றன. மண் வகைகளில் மிகுந்த தொல்லை தருவது, மணலைவிட நுண்ணியதும் களிமண்ணைவிடப் பருமனானதுமான துகள்கள் கொண்ட வண்டல்தான். மணலின் துளைகள் பெரியவை என்பதால் அது ஈரத்தை உயரத்துக்கு இழுப்பதில்லை. களிமண் வலுவாக இழுத்தாலும் நீர் அதனூடே மெதுவாகவே நகர்கிறது. வண்டலோ இழுக்கவும் செய்கிறது, விரைந்து செல்ல வழியும் விடுகிறது. வீட்டுக்கு வரும் ஒப்பந்தக்காரர் மண்ணைத் தோண்டிப் பார்க்காமலே தளத்தின் கனத்தைச் சொல்லிவிடுவாரானால், அவர் கல் விற்க வந்தவர் என்றே நான் கருதுவேன்.

கட்டுரையில் உள்ள மற்றொரு கூற்று தேவையற்ற அச்சத்தை உண்டாக்கும். உறைபனி இறங்கும் ஆழம் முழுவதும் தோண்ட வேண்டும் என்று அதில் உள்ளது. மரத்தளத்தைத் தாங்கும் தூண்களின் அடித்தளத்துக்கும், கூரையுள்ள முகப்புகளுக்கும் அது பொருந்தும். பேவர் முற்றம் அப்படிப்பட்டதன்று. அது தனித்தனிக் கற்களால் ஆன நெகிழ்வான தளம். எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சிறிது உயர்ந்து ஒரே அளவாகத் தணியுமானால் அதற்கு ஊறு ஏதும் நேராது. அதனால்தான் ஒரே பலகையாக வார்த்த கான்கிரீட் தளம் விரிசல் விடும் இடத்தில்கூட இது தாக்குப்பிடிக்கிறது. நீர் நன்றாக வடியும் மண்ணில் முற்றத்துக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லித் தளமும், குளிர் மிகுந்த பகுதிகளிலும் ஈரம் தங்கும் மண்ணிலும் அதற்குமேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதலாகவும் வேண்டும் என்பது வட அமெரிக்கப் பேவர் தொழில்துறையின் வழிகாட்டுதல்களில் உள்ள அளவு. அடியில் இருப்பது வண்டல் என்றால், 30 சென்டிமீட்டர் வரை போவதைக்கூட நான் மிகை என்று சொல்லமாட்டேன்.

கனத்தைவிட முக்கியமானவை அந்த ஜல்லியின் தன்மையும் கெட்டிப்படுத்தும் முறையும். பெரியதும் சிறியதுமாகக் கலந்து உடைத்த கருங்கல் ஜல்லியாக அது இருக்க வேண்டும். மாவுபோன்ற நுண்தூள் மிகுந்திருந்தால் அந்தத் தளமே ஈரத்தை இழுக்கும் மண்ணாக மாறிவிடும். முழுக் கனத்தையும் ஒரே நேரத்தில் கொட்டி மேலே மட்டும் இயந்திரத்தை ஓட்டினால் அடிப்பகுதி தளர்வாகவே இருக்கும். ஆகையால் 10 முதல் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் சற்று நனைத்து, அதிர்வுத் தகடு இயந்திரத்தால் திமிசு போட்ட பிறகே அடுத்ததைப் போட வேண்டும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணியான ஜியோடெக்ஸ்டைலை விரிக்காவிட்டால், இளவேனிலில் சேறாகும் மண்ணுக்குள் ஜல்லி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். மொத்தச் செலவில் இந்தத் துணியின் பங்கு மிகச் சிறியது. இருந்தும் முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் இதுதான்.

ஜல்லித் தளத்தின் மேல் கல்லைப் பதிக்க 2.5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கரடுமுரடான ஆற்றுமணலோ அதற்கு ஒப்பான அலசிய மணலோ போதும். கட்டுரை இதற்குக் கல்தூளைப் பரிந்துரைக்கிறது. அதை நான் அறவே ஏற்கவில்லை. கல்தூள் கெட்டியாக அமர்வதால் வேலை செய்பவருக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறைபனி உள்ள இடத்தில் அதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை. தளத்தில் உள்ள பள்ளங்களை மணலைக் கூடுதலாகப் போட்டு நிரப்பும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. மட்டம் ஜல்லியிலேயே வந்துவிட வேண்டும். ஓரக் கற்கள் நகராதபடி பிடிக்கும் விளிம்புச் சட்டத்தின் ஆணிகள் மணலில் அல்லாமல் ஜல்லியில் இறங்க வேண்டும். அதற்கு ஜல்லித் தளம் கற்களின் விளிம்பைத் தாண்டி, குறைந்தது தன் கனத்தின் அளவுக்காவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

நீர் வடிதலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பளித்தது. முற்றம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொண்டிருப்பது நல்லது. கூரை நீர் இறங்கும் குழாயின் வாய் முற்றத்தின் ஓரத்தில் திறந்திருக்குமானால், எத்தனை கனமான தளம் போட்டும் பயனில்லை. தளத்துக்கு அடியில் நாமே தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்றுதான் பொருள். வீட்டை ஒட்டிய பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். அடித்தளம் கட்டும்போது சுவருக்கு வெளியே தோண்டிய குழியைப் பெரும்பாலும் கெட்டிப்படுத்தாமல் மூடிவிடுகிறார்கள். புதிய வீடுகளில் அந்த நிரப்பு மண் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருப்பதால், அதன் மேல் பதித்த கற்கள் சுவர்ப்பக்கம் தாழ்ந்து, வாட்டம் தலைகீழாகி, உருகும் பனிநீர் முழுவதும் நிலவறைச் சுவரை நோக்கி ஓடுகிறது. அந்த நிரப்பு மண்ணை முடிந்தவரை எடுத்துவிட்டு அடுக்கடுக்காக மீண்டும் நிரப்பிக் கெட்டிப்படுத்துவார்களா என்பதை வேலை தொடங்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

கல்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த சி936 தரம் கான்கிரீட் பேவர் கல்லுக்குச் சராசரியாக 55 மெகாபாஸ்கல் அழுத்த வலிமையையும், 5 விழுக்காட்டுக்கு மேற்படாத நீர் உறிஞ்சலையும், உறையவைத்து உருகவைக்கும் சோதனையில் தேர்ச்சியையும் கேட்கிறது. அந்தத் தரத்துக்கு உட்பட்ட 60 மில்லிமீட்டர் கல் முற்றத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் நிறத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுக்கும் பணம் அவரவர் விருப்பம். அடித்தளத்தைக் குறைத்து அதை ஈடுகட்டாமல் இருந்தால் சரி.

ஒப்பந்தத்தில், தோண்டும் ஆழம், கெட்டிப்படுத்திய பிறகு தளத்தின் கனம், ஜல்லி வகை, துணி, வாட்டம் ஆகியவை எண்களுடன் எழுத்தில் இடம்பெற வேண்டும். 'உரிய அடித்தளம்' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடும் விலைப்பட்டியல்கள் மிகப் பல. மணல் பரப்புமுன் வீட்டுக்காரர் தளத்தை அளந்து பார்க்கவும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளவும் உரிமை கேட்பது தவறில்லை. நல்ல வேலைக்காரர் அதற்கு முகம் சுளிப்பதில்லை. பருவம் முடியுமுன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் உறைந்த மண்ணின் மேலோ, உறைந்த கட்டிகள் கலந்த ஜல்லியைக் கொண்டோ தளம் போட எவரையும் அனுமதிக்கக் கூடாது. உருகும்போது அந்தத் தளம் முழுவதும் தளர்ந்துவிடும்.

இறுதியாக, பனி உருக்கும் உப்பு எதுவானாலும் தூவலாம் என்று கட்டுரையின் முடிவில் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். மெக்னீசியம் குளோரைடு கான்கிரீட்டில் உள்ள சிமென்டுப் பசையையே வேதிவினையால் கெடுக்கிறது. பனியை உருக்கச் சிலர் தூவும் அம்மோனியம் சேர்ந்த உரங்கள் அதைவிடத் தீங்கானவை. சாதாரண உப்பு வேதிவினையால் அவ்வளவு கெடுப்பதில்லை என்றாலும், கல்லின் மேற்பரப்பை நனைந்த நிலையிலேயே வைத்து, உறைந்து உருகும் சுழற்சியைப் பெருக்கிச் செதில் செதிலாக உரியச் செய்யலாம். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 9 அல்லது 10 பாகைக்கு மேல் இறங்கிவிட்டால் அதனால் பெரிய பயனும் இல்லை. வழுக்காமல் இருக்க மணல் தூவி, பனியை ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விளிம்புள்ள வாரியால் தள்ளுவதே கல்லுக்குப் பாதுகாப்பானது. குளிர்காலம் நெருங்குகிற நிலையில், இந்த ஒரு திருத்தத்தையேனும் இணைப்பின் அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்