ஹியென் விமானம்: ஒரு திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் விமானங்கள் பற்றி வந்த கட்டுரையில், ஜப்பானின் கி-61 ஹியென் போர் விமானத்தை 'வடிவமைப்பிலேயே கோளாறு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். கோவையில் 34 வருஷம் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் வேலை பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

நாகோயாவில் மகள் வீட்டில் இருந்தபோது, ககாமிகஹாரா விமான அருங்காட்சியகத்தில் ஹியெனை நேரில் பார்த்தேன். பெயிண்ட் இல்லாத வெறும் அலுமினியத் தகடு. இன்ஜினைத் தனியாக வைத்திருந்தார்கள். கிராங்க் ஷாஃப்ட் மேலே, 12 சிலிண்டரும் கீழ்நோக்கி. லாரி இன்ஜினாகவே பார்த்துப் பழகிய எனக்கு, எல்லாம் தலைகீழாக இருந்தது. நகரவே மனம் வரவில்லை.

அது ஜப்பானியர் வரைந்த இன்ஜின் இல்லை. மூலம், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601. கவாசாகி உரிமம் வாங்கி, ராணுவத்துக்காக ஹா-40 என்று செய்தது. கடற்படைக்கு அதே இன்ஜினை ஐச்சி நிறுவனம் அட்சுதா என்ற பெயரில் தனியாகச் செய்தது. இருந்த கொஞ்ச ஆளையும் உலோகத்தையும் இப்படி இரண்டாகப் பிரித்ததே பெரிய தப்பு என்பேன். ஜெர்மனியில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் நன்றாக ஓடிய இன்ஜின்தான் அது. ஆனால் 1943இல் ஹியென் நியூகினி போர்முனைக்குப் போனபோது பேரிங் தேய்ந்தது, எண்ணெய் ஒழுகியது, கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது.

ஏன் என்பது என் தொழில்காரர்களுக்குப் புரியும். அந்த இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் சாதாரண வளையமான புஷ் கிடையாது, சின்ன உருளைகள் ஓடும் பேரிங். உருளை ஓடுகிற பரப்பு மைக்ரான் கணக்கில் சுத்தமாக இருக்க வேண்டும், உலோகமும் கெட்டியாக இருக்க வேண்டும். ஜப்பானில் நிக்கல் தட்டுப்பாடு. கைதேர்ந்த தொழிலாளிகளைப் படைக்கு இழுத்துக்கொண்டு, போகப்போகப் பள்ளிப் பிள்ளைகளை மிஷினில் நிறுத்தினார்கள். நானே ஒருமுறை அவசரத்தில், ஒரு டிராக்டர் கிராங்கின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) ஓரத்தில் விட வேண்டிய வளைவைச் சரியாக விடாமல் அனுப்பிவிட்டேன். நாலே மாதத்தில் அதே இடத்தில் இரண்டாக ஒடிந்து திரும்பி வந்தது. ஒடிந்த பரப்பில் சிப்பி ஓட்டில் இருப்பது போல வரிவரியாகக் கோடுகள், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அடையாளம். அந்தத் துண்டை ஓய்வுபெறும் வரை மேஜையில் வைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை, குறை என் கையில்.

அடுத்து 1,500 குதிரைத்திறனில் ஹா-140 என்ற இன்ஜினைச் செய்யப் பார்த்தார்கள். அதில் தொல்லை இன்னும் அதிகம். 1945 ஜனவரி 19 அன்று கவாசாகியின் அகாஷி தொழிற்சாலையில் அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டு போட்டதோடு அதுவும் முடிந்தது. இன்ஜின் வராமல் ஏறக்குறைய 270 விமான உடல்கள் சும்மா நின்றன. அப்புறம் நடந்ததுதான் உங்கள் கட்டுரையில் விட்டுப்போன விஷயம். காற்றால் குளிரும் மிட்சுபிஷி இன்ஜினை அந்த உடல்களில் மாட்டினார்கள். உடலின் அகலம் 84 சென்டிமீட்டர், இன்ஜினின் குறுக்களவோ 1.2 மீட்டருக்கு மேல். அதையும் இசைவாகப் பொருத்தி, பிப்ரவரி 1ஆம் தேதியே பறக்கவிட்டுவிட்டார்கள். கி-100 என்ற அந்த விமானத்தை, நம்பி ஓட்டலாம் என்று விமானிகள் விரும்பினார்கள்.

அதே உடல் வேறு இன்ஜினோடு நன்றாகப் பறந்தது. அதே இன்ஜின் வேறு நாட்டில் நன்றாக ஓடியது. அப்படியிருக்க, கவாசாகி பொறியாளர் டாக்கெயோ தோய் வடிவமைத்த விமானத்தின் மேல் பழி போடுவது சரியில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரைண்டிங் தொழிலாளி,
கோயம்புத்தூர்