பிசுபிசுப்பு ரெசினின் குறை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உவரியில் ஃபைபர் வள்ளங்களுக்குப் பழுது பார்க்கிறவன். 2005-இல் இருந்து இதுதான் என் பிழைப்பு. அப்பா கட்டுமரம் வைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் வள்ளம் பெருகியது. வள்ளம் பெருகிய அளவுக்கு அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் பெருகவில்லை. உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் எந்த மருந்தை எத்தனை லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று விவசாயிக்குத் தெளிவாகச் சொல்கிறீர்கள். கடற்கரைக்காரன் தினமும் கையாளுகிற ரெசினைப் பற்றியும், அதாவது கண்ணாடி இழையை நனைத்து இறுகி வள்ளமாக ஆக்குகிற பசையைப் பற்றியும், அப்படி யாராவது எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். மைத்துனர் முறையுள்ள ஒருவரின் வள்ளம். வள்ளத்தை இங்கே டிராக்டர் கட்டி மணலில் இழுத்துத்தான் ஏற்றுகிறோம், இறக்குகிறோம். வருஷம் முழுக்க உரசி அடிப்பக்கம் தேயும், நடுவில் கல் கிடந்தால் கிழியும். அவருடைய வள்ளத்தில் அணியத்துக்கு (முன்பகுதி) கீழே ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. நான் அப்போது அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். "நீ வர்ற வரைக்கும் கரையில கெடக்க முடியாது மச்சான், நானே போட்டுக்கிடுதேன்" என்றார்.

டவுனில் ஒரு கடையில் "ரெசின் அஞ்சு கிலோ" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். வெள்ளைக் கேன். பெயர் இல்லை, தேதி இல்லை, மார்க்கர் பேனாவால் 5 என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் நாள் ஒரு மேட் (கண்ணாடி இழை விரிப்பு), மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் ஒன்று என்று நிதானமாகத்தான் போட்டிருக்கிறார். போனில் என்னிடம், "கையே ஒட்டல மச்சான், கண்ணாடி மாதிரி காஞ்சிட்டு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே நான் "நிறுத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கவலையில் விட்டுவிட்டேன். இன்றும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

ஐந்தாவது தடவை தொழிலுக்குப் போனபோது, கச்சான் (மேற்குக் காற்று) அலை அடித்த அடியில் ஒட்டு கழன்றது. பனங்கிழங்கின் தோலை உரித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து போயிருக்கிறது. வள்ளத்தில் நாலு பேர். ஐஸ் பெட்டி மூடியாலும் டீசல் கேனை வெட்டியும் தண்ணீரை இறைத்துக்கொண்டே, வலையை அறுத்துவிட்டுக் கரை வந்து சேர்ந்தார்கள். அந்தோணியார் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலை போனது போனதுதான், அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது.

ஒட்டோடு தொங்கிக்கொண்டிருந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேட்டும் ரெசினும் நன்றாக ஊறி, குமிழ் இல்லாமல், கல் போல இறுகியிருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்முகத்தை விரலால் தேய்த்தால் மெழுகுதிரி தொட்ட கைபோல வழுக்கியது. கடையில் கொடுத்தது கடைசிப் பூச்சுக்கான மெழுகு சேர்த்த ரெசின்.

பாலியஸ்டர் ரெசின் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று அடுக்குப் போடுகிற ரெசின், பட்டறையில் லாமினேட்டிங் ரெசின் என்போம். அதில் மெழுகு கிடையாது. காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அதன் மேற்பரப்பை முழுதாக இறுக விடாது. உள்ளே கெட்டியாகிவிடும், மேலே மட்டும் கை வைத்தால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் நமக்கு வேண்டியது. இறுகாமல் நிற்கிற அந்த மேல்தோலோடு அடுத்த அடுக்கின் ரெசின் சேர்ந்து இறுகும்போது இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். மற்றது மெழுகு கலந்த ரெசின். இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும், அதனால் மேற்பரப்பும் காய்ந்துவிடும். கடைசிப் பூச்சுக்கு அது அருமையான சரக்கு. நடுவில் போட்டால் மெழுகின் மேல் மேட் ஒட்டுகிற கதைதான்.

கடைக்காரர்கள் ஏன் மெழுகு ரெசினையே கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒரு கடைக்காரர் மனம் விட்டுச் சொன்னார்: மெழுகில்லாத ரெசினை வாங்கிப் போனவர்கள், "ரெண்டு நாளாச்சு, இன்னும் ஒட்டுது, மட்டமான சரக்கு" என்று கேனைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்களாம். நாலு பேர் சண்டை போட்டதும் அவர் அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டார். நல்ல குணத்தைக் குறை என்று நாம் நினைத்ததால், ஆபத்தான சரக்கு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுக் காலத்தில் தேரி மணல் பறந்து வந்து பிசுபிசுப்பில் அப்பிக்கொள்ளும். அதனாலும் காய்கிற ரெசினைக் கேட்கிறார்கள். அதற்கு வழி, வேலையை ஓலைத் தட்டி மறைப்புக்குள் செய்வதும், ஒரே நாளுக்குள் அடுத்த அடுக்கை ஏற்றுவதும். எல்லா அடுக்கும் முடிந்த பிறகு மெழுகு ரெசின் ஒரு பூச்சு. அது கிடைக்காவிட்டால் மைலார் பிளாஸ்டிக் ஷீட்டை மேலே விரித்துக் குமிழ் போகத் தள்ளிவிட்டால், காற்று படாமல் அதுவும் காய்ந்துவிடும்.

ஏற்கெனவே மெழுகு ரெசின் போட்டு இறுகிவிட்டதா? நேராக உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். தேய்த்தால் மெழுகு உள்ளேதான் பரவும். முதலில் சுத்தமான துணியில் அசிட்டோன் தொட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிறகு பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். மைத்துனரின் வள்ளத்தில் நான் மூன்று அடுக்கையும் அடியோடு கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டேன். சந்தேகம் இருக்கிற ஒட்டை வைத்துக்கொண்டு கடலுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

வெடிப்பின் மேல் மட்டும் மேட்டை அப்புவதும் போதாது. 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகத்துக்கு, வெடிப்பிலிருந்து ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 7 சென்டிமீட்டர், கையை வைத்தால் நாலு விரல் அகலம், சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். தடிமனைப்போல் 12 மடங்கு என்பது கணக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமாராக 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். ஆறு மில்லிக்கு ஆறு அடுக்கு. ஒரே மூச்சில் ஆறையும் போட்டால் சூடேறிக் கருகும், மூன்றோடு நிறுத்திச் சூடு தணிந்த பின் மீதியைப் போடலாம். மேட்டின் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். அதற்கு மேல் ஊற்றினால் பலம் கூடாது, கண்ணாடிபோல வெடிக்கிற குணம்தான் கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரம். கடல்தண்ணீர் குடித்த ஃபைபரை நல்ல தண்ணீரில் கழுவி நாலைந்து நாள் காய விட வேண்டும். இரவில் அந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் காகிதத்தை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. தொழில் போகிறதே என்கிற அவசரம் எனக்கும் தெரியும், நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தான். ஆனாலும் ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்கவே பிடிக்காது.

இனி ஹார்டனர், அதாவது ரெசினை இறுக வைக்கிற திரவம். என் வலது மணிக்கட்டில் உள்ள தழும்பு தொழில் கற்றுக்கொண்ட முதல் வருஷத்தில் வந்தது. இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஊதா நிறமாக இருக்கும், ஹார்டனர் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாக ஊற்றுவானேன் என்று ஒரே டம்ளரில் ஊற்றினேன். ஒரு நொடியில் நுரைத்துப் பொங்கித் தீப்பிடித்தது. கோபால்டும் ஹார்டனரும் நேராக ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. கோபால்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். இதைச் சொல்லித்தர அன்று எனக்கு ஆள் இல்லை. இன்றும் பல பையன்களுக்கு இல்லை. சில ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், சிலதில் வராது. கேனில் எழுதாவிட்டால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஹார்டனரின் அளவு ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர். கத்தரி வெயிலில் 10, மார்கழி மழைக்காலையில் 15-க்கு மேல். வெயிலில் சீக்கிரம் கெட்டியாகிறதே என்று 10-க்குக் கீழே குறைக்கிறார்கள், அது பெரிய தவறு. அப்படிப் போட்டது எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. அவகாசம் வேண்டுமென்றால் அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்கி, விடிகாலையில், நிழலில் வேலை பாருங்கள். மக்கில் தேங்கி நின்றால்தான் சூடு ஏறி ஏறிப் புகையும்.

இந்த ஹார்டனரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற கடைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்க அப்படியே தண்ணீர்தான். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தாலும் பார்வை போகக்கூடிய பொருள் அது. தெறித்துவிட்டால் யாரையும் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காமல், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைகள் ஓடி விளையாடுகிற முற்றத்தில் இந்தப் பாட்டில் கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ரெசினின் வாடைக்குக் காரணம் அதிலுள்ள ஸ்டைரீன். 31 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். நம் ஊர் வெயிலுக்கு 31 என்பது காலை பத்து மணிக் கணக்கு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, வள்ளத்தின் குழிக்குள் தேங்கி நிற்கும். குனிந்து வேலை பார்க்கிறவன் அதைத்தான் மூச்சாக இழுக்கிறான், அங்கேயே பீடியும் பற்றவைக்கிறான். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. கொரோனா காலத்துத் துணி முகக்கவசம் இதற்கு எதையும் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். நான் அதை வாங்கியது தொழிலுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான்.

ஃபைபர் வேலை வள்ளத்தோடு முடிவதில்லை. பணகுடி, இராதாபுரம் பக்கம் சுற்றுகிற காற்றாலை இறக்கை கண்ணாடி இழை. கோவில் கொடைக்குச் செய்கிற குதிரை, ஆட்டோவின் முன்தகடு என்று இளைஞர்கள் ஆர்வமாகச் செய்கிறார்கள், நல்ல கைத்தொழில். ஆனால் எதன்மேல் ரெசின் ஊற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். திசையன்விளையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கிறிஸ்துமஸ் குடிலுக்காகத் தெர்மாகோலில் பத்து நாள் செதுக்கிய குகையின் மேல் ரெசின் பூசினார். தெர்மாகோல் காப்பியில் விழுந்த கருப்பட்டி போலக் கரைந்துபோனது. என்னிடம் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வள்ளத்தின் மிதவை அறையில் தெர்மாகோல் கட்டை இருந்தால் இதே கதி, வெளியே தெரியாமலே ரெசின் அதை உள்ளே கரைத்துவிடும். மொட்டைமாடித் தண்ணீர் டாங்கி பாலித்தீன், அதன்மேல் ரெசின் ஒட்டாது. எபாக்சி என்கிற வேறு வகை ரெசின் வைத்து அடைத்த ஓட்டையின் மேலும் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஆனால் பாலியஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும்.

என் கோரிக்கை பெரிதல்ல. ரெசினைப் பிரித்து விற்கிற கடைக்காரர்கள் ஒவ்வொரு கேனிலும் தமிழில் ஒரு சீட்டு ஒட்டட்டும்: மெழுகு உண்டா இல்லையா, கோபால்ட் கலந்ததா இல்லையா, தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ஐசோ ரெசினா சாதாரண ரெசினா, தயாரித்த மாதம் எது. நம் வெப்பத்தில் ஆறு மாதம் தாண்டிய ரெசின் கேனிலேயே கூழாகத் தொடங்கிவிடும், அதனால் தேதி முக்கியம். ஹார்டனரைத் தண்ணீர் பாட்டிலில் கொடுப்பதை இன்றோடு நிறுத்தட்டும். மீன்வளத் துறை, வள்ளம் கரையில் கிடக்கிற ஆடி மாதத்தில் கூட்டப்புளியிலிருந்து கூடுதாழை வரை ஊருக்கு ஒரு நாள் செய்முறைப் பயிற்சி வைத்தால் போதும். கூலி வேண்டாம், நான் வந்து கற்றுத்தருகிறேன். நீங்களும் ஆடி பிறப்பதற்கு முன் உங்கள் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, இந்த அளவுகளைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவன்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.