சபையேட்டை வாசித்துக் காட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு,

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் கோசெல் ஊரை அடுத்த அலெக்சாண்டர்வோல் சபையின், ஆயுதம் எடுக்க மறுக்கும் மென்னோனைட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சபையின், வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். உங்களில் யார் கைவிட்டிருந்தாலும் இது பாதியில் நின்றிருக்கும்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற அந்த ஆசிரியை அம்மாவுக்கு. மூப்பர் யாக்கோபு வெடல் 1784-ல் எழுதத் தொடங்கிய சபையேட்டின், அதாவது சபையார் பெயர்களைப் பதிந்த ஏட்டின், நகலைச் சமையலறை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி எனக்காக வாசித்தார். பழைய ஜெர்மன் கையெழுத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. வெடல், புல்லர், ஷ்மிட், உன்ரூ என்று அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நடுவே ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த ட்சுவீபாக் ரொட்டியைத் தட்டில் வைத்தார். இந்தச் சபையின் முன்னோர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது இதைத்தான் காயவறுத்து மூட்டை கட்டினார்களாம்.

புறப்பாடு அவர்களுக்குப் புதிதல்ல. இன்றைய போலந்தில் ஓடும் விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து 1820 வாக்கில் அன்றைய தென் ரஷ்யாவின் மொலோச்னா குடியேற்றத்துக்குப் போனார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஜார் முதலாம் அலெக்சாண்டர் நலம் வாழ்த்தியதால் புதுக் கிராமத்துக்கு அலெக்சாண்டர்வோல் என்ற பெயர் வந்தது என்பார்கள். பிறகு அதே ரஷ்யாவில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற விசுவாசத்தை விட மனமில்லாமல், 1874-ல் மூப்பர் யாக்கோபு புல்லர் தலைமையில் ஏறக்குறைய ஊரே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. சுமார் 800 பேர். ஏடும் கூடவே வந்தது. எனக்கு இந்த வரலாற்றின் உயிரே அந்த ஏடுதான்.

அவர்கள் வந்த சிம்ப்ரியா, டியூட்டோனியா என்ற இரண்டு கப்பல்களையும் முதல் வரைவில் ஒன்றாக்கி எழுதிவிட்டேன். பொறுமையாகத் திருத்திய ஆவணக் காப்பாளருக்கு நன்றி. சாண்டா ஃபே ரயில்வே கட்டிக்கொடுத்த நீளமான குடியேறிகள் கொட்டகையின் மாதிரிக்குள் என்னை நிற்க வைத்த கோசெல் அருங்காட்சியகத் தன்னார்வலர்களுக்கும் நன்றி. ஒரே கூரையின் கீழ் அத்தனை குடும்பம், அதுவும் கான்சாஸ் பனிக்காலத்தில்! அங்கே நின்ற பிறகுதான் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். விச்சிட்டாவிலிருந்து ஒவ்வொரு முறையும் காரோட்டிய தம்பிக்கு என்ன சொல்ல? பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

அம்மா, அடுத்த வாரம் நகல் தாள்களைத் திருப்பிக் கொடுக்க வருகிறேன். தமிழ்ப் பிரதி ஒன்றும் கொண்டுவருவேன். இந்த எழுத்து உங்களுக்குத் தெரியாது. அதே மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்