அடிக்கடி பழுதாகும் காருக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

புதிதாக வாங்கிய கார் ஒரே கோளாறுக்காகத் திரும்பத் திரும்பப் பணிமனைக்குப் போனால், வாங்கியவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்ற கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாக எழுப்ப விரும்புகிறேன். மதுரைக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும் எங்கள் டீசல் கார், வாரண்டி காலத்தில் பலமுறை சர்வீஸ் சென்டரில் கிடந்தது; வாரண்டி முடிந்ததும் அதே கோளாறுக்கு லட்ச ரூபாயைத் தாண்டிய எஸ்டிமேட்டை நீட்டினார்கள்.

கோளாறு புதிரானதல்ல. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப, டீசல் கார்களில் புகையோடு வரும் கரித்துகளைப் பிடித்துவைக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரி எரிந்து போக ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று ஊர்ந்து, இன்ஜின் சூடேறும் முன்பே வீடு திரும்பிவிடும் வண்டிக்கு அந்த வெப்பம் எங்கிருந்து வரும்? வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ள, முதலில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அடுத்து பிக்கப் போய்விடும். மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தே நம்மைத் தள்ளுவார்கள். "நான்குவழிச் சாலையில மேலூர் வரைக்கும் ஒரு விரட்டு விரட்டிட்டு வாங்க சார், சரியாயிடும்" என்பதுதான் சர்வீஸ் சென்டர் தந்த வைத்தியம். விற்பனையின்போது தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று அக்கறையாகக் கேட்டவர்கள், மைலேஜ் கணக்குப் போட்டுக் காட்டத்தான் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், வண்டியின் புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் பதியும் அட்டையான ஜாப் கார்டில் இருக்கிறது. "மேட்டில் வண்டி இழுக்கவில்லை, விளக்கு அணையவில்லை" என்று நாம் சொல்வது அதில் "ஜெனரல் செக்கப்" என்று பதிவாகிறது. வண்டியைத் திருப்பித் தரும்போது "செக்டு, ஓகே" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றால், தயாரிப்பிலேயே குறை இருந்தது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நம் கையில் இருக்கும் ஒரே ஆவணம் எதிர்த்தரப்பு எழுதிய அந்த அட்டைதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது என்பது உண்மைதான். ஆயினும் அது சுற்றுச்சூழலுக்கோ, வாகனத்தில் இருப்பவர்களுக்கோ, சாலையில் செல்பவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைகளுக்கானது. அந்த ரக வாகனத்தில் குறை இருப்பதை உரிமையாளர்களில் குறிப்பிட்ட அளவினரோ, ஒரு சோதனை அமைப்போ, வேறு எவரேனுமோ அரசுக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். யாருக்கும் காயம் உண்டாக்காமல், ஒரு குடும்பத்தின் சேமிப்பை மட்டும் தின்றுகொண்டிருக்கும் ஒற்றைக் காருக்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982லேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நியாயமான எண்ணிக்கையில் பழுதுபார்த்தும் சரியாகாத புதிய காரை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ நிறுவனம் கடமைப்பட்டது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படுகிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். நிரூபிக்கும் சுமையை இப்படி இடம் மாற்றினாலே இங்கும் பாதி வழக்குகளுக்குத் தேவை இருக்காது என்பது என் கருத்து.

அத்தகைய சட்டத்தை மத்திய அரசு கொண்டுவர வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: வாடிக்கையாளர் சொல்லும் புகாரை அவர் சொன்ன சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதி, கழற்றிய பாகங்களையும் ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டையும் அதில் குறித்து, வண்டியை விடும் அன்றும் எடுக்கும் அன்றும் நகல் தர வேண்டும் என்பதை எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் கட்டாயமாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.